வேறு நாட்டில் ஆஸ்பத்திரிச் செலவு: கிளம்பும் முன் கணக்குப் போடுவது எப்படி?

வேலைக்கோ படிப்புக்கோ வேறு நாட்டுக்குக் கிளம்புகிறவர்கள் வீட்டு வாடகையைத் துருவித் துருவி விசாரிப்பார்கள். ஆஸ்பத்திரிச் செலவு பற்றிக் கேட்டால் "கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எங்கள் குடும்பத்தில் ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறோம். ஒருவருக்கு ஆபரேஷன் என்றானதும் எங்கே செய்தால் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட உட்கார்ந்தோம். இணையத்தில் கிடைத்த ஒப்பீட்டுப் பட்டியல் எதுவும் கைகொடுக்கவில்லை. "பைபாஸ் அந்த நாட்டில் இவ்வளவு, இந்த நாட்டில் இவ்வளவு" என்று போட்டிருப்பார்கள். அது ஆஸ்பத்திரி கேட்கும் தொகையா, இன்சூரன்ஸ் கொடுக்கும் தொகையா, நோயாளி கட்டும் தொகையா என்பது மட்டும் இருக்காது. அந்த மூன்றுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கலாம்.

படிவங்களோடும் வாடிக்கையாளர் சேவை எண்களோடும் நிறைய மல்லுக்கட்டிய பிறகு எங்களுக்குப் பிடிபட்ட வரிசையை இங்கே தருகிறேன். தொகைகள் வருடாவருடம் மாறக்கூடியவை. எந்த வருடத்துக்கானது என்று தெரிந்த இடங்களில் குறித்திருக்கிறேன். நீங்கள் போகும் வருடத்துக்கு அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. உங்கள் விசாவுக்கு என்ன உரிமை என்று பாருங்கள்

"அந்த நாட்டில் வைத்தியம் இலவசமாமே" என்று யாராவது சொன்னால், யாருக்கு இலவசம் என்று திருப்பிக் கேளுங்கள். ஒரே ஆஸ்பத்திரி, ஒரே டாக்டர், ஒரே ஆபரேஷன். குடியிருப்பவருக்கு ஒரு கணக்கு, சுற்றிப்பார்க்க வந்தவருக்கு வேறு கணக்கு.

பிரிட்டன்: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விசா என்றால் விண்ணப்பிக்கும்போதே குடியேற்ற சுகாதாரக் கட்டணம் கட்ட வேண்டும். 2024 பிப்ரவரி 6 முதல் பெரியவர்களுக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு. மாணவர்களுக்கும் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 776 பவுண்டு. தலைக்குத் தலை, விசாக் காலம் முழுவதற்கும், முன்கூட்டியே. கணவன், மனைவி, ஒரு குழந்தை மூன்று வருட விசாவில் போனால் 8,538 பவுண்டு ஆகிறது. விசாக் கட்டணம் இதில் சேராது. சுகாதாரப் பணியாளர் விசாவில் போகிறவர்களுக்கு இந்தக் கட்டணம் கிடையாது. கட்டியவர்களுக்கு அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் ஆஸ்பத்திரியில் பில்லே வராது.

ஆனால் பேரக்குழந்தையைப் பார்க்க விசிட் விசாவில் வரும் தாத்தா பாட்டிக்கு இந்தச் சலுகை இல்லை. அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம்தான். அங்கிருந்து வார்டில் அட்மிட் செய்தார்களானால் மீட்டர் ஓடத் தொடங்கும், அதுவும் என்எச்எஸ் விலையில் 150 சதவீதம். 500 பவுண்டுக்கு மேல் பாக்கி வைத்து இரண்டு மாதம் தாண்டினால் அடுத்த விசாவுக்கு அதுவே முட்டுக்கட்டையாகலாம்.

கனடா: மாகாணத்துக்கு மாகாணம் விதி வேறு. கனடா சுகாதாரச் சட்டம் புதிதாக வருகிறவர்களை அதிகபட்சம் மூன்று மாதம் வரை காத்திருக்கவைக்க அனுமதிக்கிறது. ஒன்டாரியோ 2020-இல் அந்தக் காத்திருப்பை நீக்கிவிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்த மாதத்தின் மீதி நாட்களும் அதற்குப் பிறகு இரண்டு மாதமும் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளிக்குத் தனியாக இன்சூரன்ஸ் வாங்குங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

ஜப்பான்: மூன்று மாதத்துக்கு மேல் தங்கும் வெளிநாட்டவர், கம்பெனி வழியான காப்பீடு இல்லாவிட்டால், தேசிய சுகாதாரக் காப்பீட்டில் சேர்ந்தே ஆக வேண்டும். பிரீமியம் முந்தைய வருட வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படும். முதல் வருடம் ஜப்பானில் வருமானம் இருந்திருக்காது; தொகை சிறிதாக வரும். இரண்டாம் வருடம் எகிறும். அதை எதிர்பார்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

ஜெர்மனி: பெரும்பாலான ஊழியர்களுக்குச் சம்பளத்திலிருந்தே காப்பீட்டுச் சந்தா பிடிப்பார்கள். அடிப்படை விகிதம் 14.6 சதவீதம், அதோடு ஒவ்வொரு காப்பீட்டு நிதியும் ஒரு கூடுதல் சதவீதம் சேர்க்கும். பாதியை முதலாளி கட்டுகிறார். வருமானம் இல்லாத மனைவி அல்லது கணவனும் பிள்ளைகளும் கூடுதல் சந்தா இல்லாமல் அதே காப்பீட்டுக்குள் வந்துவிடுவார்கள். பிரிட்டனின் தலைக்கட்டணத்தோடு ஒப்பிட்டால் குடும்பஸ்தருக்கு இது பெரிய வித்தியாசம்.

சிங்கப்பூர்: மெடிஷீல்டு லைஃப் என்ற அரசின் அடிப்படைக் காப்பீடு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதிகளில் இருப்பவர்களுக்கு முதலாளி மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும். 2023 ஜூலை 1 முதல் அதன் குறைந்தபட்ச வரம்பு வருடத்துக்கு 60,000 சிங்கப்பூர் டாலர். உங்கள் பாஸ் வேறு வகை என்றால் கம்பெனி என்ன தருகிறது என்று எழுத்தில் வாங்குங்கள்.

ஆஸ்திரேலியாவில் மாணவர்களுக்கென்று தனிக் காப்பீடு கட்டாயம். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு அதில் 12 மாதக் காத்திருப்பு உண்டு. சில நாட்டவர்களுக்குப் பரஸ்பர ஒப்பந்தப்படி அங்குள்ள அரசுக் காப்பீடான மெடிகேர் கிடைக்கிறது. அந்தப் பட்டியலில் இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை.

அமெரிக்காவில் எல்லாருக்குமான ஒரே வழி என்று ஒன்று இல்லை. வேலை வழியாகவோ, சந்தையில் நீங்களே வாங்கியோ, பல்கலைக்கழகம் வழியாகவோ காப்பீடு வர வேண்டும். பரிமாற்றத் திட்டங்களில் வருகிறவர்களுக்கான ஜே-1 விசாவுக்கு ஒரு நோய் அல்லது விபத்துக்குக் குறைந்தது 1,00,000 டாலர் காப்பீடு இருக்க வேண்டும் என்பது விதி. அமெரிக்காவில் ஐசியூவில் படுத்தால் அந்த ஒரு லட்சம் வேகமாகக் கரையும். விசா கேட்கும் குறைந்தபட்சம் உங்களுக்குப் போதுமானது என்று அர்த்தமில்லை.

2. பில்லில் இருக்கும் எண்களைப் பிரியுங்கள்

ஒரு சிகிச்சைக்கு நான்கு தொகைகள் உண்டு. ஆஸ்பத்திரியின் விலைப்பட்டியல் தொகை. இன்சூரன்ஸோ அரசோ ஆஸ்பத்திரியோடு பேசி முடித்த தொகை. அதில் உங்கள் பங்கு. நீங்கள் மாதாமாதம் கட்டிவந்த பிரீமியம். நான்காவதை நாம் மருத்துவச் செலவாக நினைப்பதே இல்லை. ஆனால் பல நாடுகளில் பெரும் பணம் போகும் இடம் அதுதான்.

ஜப்பானில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் என்ன விலை என்று அரசு நாடு முழுவதற்கும் நிர்ணயிக்கிறது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறது. அதனால் அங்கே முதல் தொகைக்கும் இரண்டாவதுக்கும் வேறுபாடே இல்லை. அமெரிக்காவில் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் ஒவ்வொரு இன்சூரன்ஸ் கம்பெனியோடும் தனித்தனியாகப் பேரம் பேசுகிறது. பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் இருப்பவர்களின் ஒரே ஸ்கேனுக்கு இரண்டு விலை வருவது அங்கே சகஜம். அமெரிக்கா நாட்டு உற்பத்தியில் 17 சதவீதத்துக்கும் மேல் மருத்துவத்துக்குச் செலவழிக்கிறது; மற்ற பணக்கார நாடுகள் பலவற்றில் இது 10 முதல் 12 சதவீதத்துக்குள். அமெரிக்கர்கள் ஜப்பானியரை விடவும் ஜெர்மானியரை விடவும் ஆஸ்பத்திரியில் குறைந்த நாட்கள்தான் படுக்கிறார்கள். விலைதான் அதிகம்.

உங்கள் பங்கைக் கணக்கிட மூன்று சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். டிடக்டிபிள் என்பது இன்சூரன்ஸ் வாயைத் திறப்பதற்கு முன் நீங்கள் கட்ட வேண்டிய தொகை. கோ-இன்சூரன்ஸ் என்பது அதற்குப் பிறகு நீங்கள் போட வேண்டிய சதவீதம். கோ-பே என்பது ஒவ்வொரு முறை போகும்போதும் கட்டும் நிலையான சிறு தொகை.

ஓர் உதாரணம் போட்டுப் பாருங்கள். அமெரிக்கத் திட்டம் ஒன்றில் டிடக்டிபிள் 2,000 டாலர், கோ-இன்சூரன்ஸ் 20 சதவீதம், வருடத்தில் நீங்கள் கட்டுவதற்கான உச்சவரம்பு 8,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பேசி முடித்த பில் 50,000. முதல் 2,000 உங்களுடையது. மீதி 48,000-இல் 20 சதவீதம் 9,600. கூட்டினால் 11,600. ஆனால் 8,000-இல் நின்றுவிடும்.

ஜப்பானில் நடுத்தர வருமானக்காரருக்குப் பத்து லட்சம் யென் பில் வந்தால் 30 சதவீதப் பங்கு 3,00,000 யென். அங்கே உயர் மருத்துவச் செலவுத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் 2025-ஆம் ஆண்டுச் சூத்திரப்படி 80,100 யென், அதோடு 2,67,000-க்கு மேற்பட்ட பில்லில் ஒரு சதவீதம். ஆக 87,430 யென். ஜெர்மனியில் அரசுக் காப்பீட்டில் இருப்பவர் பத்து நாள் படுத்தால் நாளுக்கு 10 யூரோ வீதம் 100 யூரோ. பிரிட்டனில் கட்டணம் கட்டியவருக்குப் பூஜ்யம்.

இந்த எண்களை உடனே உங்கள் ஊர்ப் பணத்தால் பெருக்கிப் பார்த்து மலைக்காதீர்கள். அந்த நாட்டில் உங்களுக்குக் கையில் வரப்போகும் சம்பளத்தில் எத்தனை மாதம் என்று பாருங்கள். அந்த ஒப்பீடு மட்டும்தான் முடிவெடுக்க உதவும்.

3. வரம்பு யார் தலையில் என்று கேளுங்கள்

முழுக் கட்டுரையையும் படிக்க நேரமில்லை என்றால் இதை மட்டும் படியுங்கள்.

எல்லாத் திட்டத்திலும் ஏதோ ஒரு வரம்பு இருக்கும். சில இடங்களில் வரம்பு உங்களுக்கு: இவ்வளவுக்கு மேல் நீங்கள் கட்ட வேண்டாம். சில இடங்களில் வரம்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு: இவ்வளவுக்கு மேல் அவர்கள் கட்ட மாட்டார்கள். விளம்பரத்தில் இரண்டும் ஒரே மாதிரிப் பெரிய எழுத்தில்தான் இருக்கும்.

அமெரிக்காவில் முறையான திட்டங்களில் வரம்பு உங்களுக்கு. 2025-இல் தனிநபருக்கு அதிகபட்சம் 9,200 டாலர், குடும்பத்துக்கு 18,400. ஜப்பான், ஜெர்மனி இரண்டிலும் அதே மாதிரி. ஜெர்மனியில் வருடத்துக்கு 28 நாளுக்குத்தான் அந்தப் பத்து யூரோ, மருந்தையும் சேர்த்து எல்லாச் சிறு பங்குகளும் குடும்ப வருமானத்தில் இரண்டு சதவீதத்தைத் தாண்டினால் மீதிக்கு விலக்கு கேட்கலாம். நாட்பட்ட நோயாளிக்கு ஒரு சதவீதம்.

இந்தியாவில் வரம்பு கம்பெனிக்கு. ஐந்து லட்ச ரூபாய் பாலிசி என்றால் ஆறாவது லட்சம் உங்களுடையது. அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் என்றே இருக்கிறது. பயணக் காப்பீடு எந்த நாட்டுக்கு எடுத்தாலும் இதே கதைதான். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குமான ஷெங்கன் விசாவுக்குக் கேட்கும் 30,000 யூரோ கம்பெனியின் வரம்பு.

முதல் வகையில் சிறிய செலவுகள் உறுத்தும், பெரிய நோய் வந்தால் தப்பிப்பீர்கள். இரண்டாவது வகையில் சிறிய செலவு தெரியாது, பெரிய நோய் வந்தால்தான் வீடு அடமானத்துக்குப் போகும். இரண்டாவது வகை நாட்டுக்குப் போகிறீர்களா? பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் வரம்பை உயர்த்தி வாங்குங்கள்.

வரம்பு எந்தக் காலத்துக்கு என்பதையும் பாருங்கள். ஜப்பானில் கணக்கு காலண்டர் மாதத்துக்கு. 25-ஆம் தேதி அட்மிட் ஆகி அடுத்த மாதம் 8-ஆம் தேதி டிஸ்சார்ஜ் ஆனால் இரண்டு மாத வரம்பும் தனித்தனியாக விழும். தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷன் என்றால் மாதத் தொடக்கத்தில் தேதி கேளுங்கள். டாக்டர்கள் இதைத் தவறாக நினைக்க மாட்டார்கள், அங்கே எல்லாரும் கேட்பதுதான். அமெரிக்காவில் பல திட்டங்கள் ஜனவரி 1-இல் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். டிசம்பரில் ஆபரேஷன், ஜனவரியில் பிசியோதெரபி என்றால் டிடக்டிபிளை இரண்டு முறை கட்டுவீர்கள்.

4. வரம்புக்குள் வராதவற்றை எழுதிவையுங்கள்

ஆம்புலன்ஸ். ஒன்டாரியோவில் மாகாணக் காப்பீடு உள்ளவருக்கு, அவசியமான பயணம் என்று டாக்டர் சொன்னால், 45 டாலர். மாகாணக் காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கு 240. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து, டாஸ்மேனியா மாநிலவாசிகளுக்கு இலவசம். மற்ற மாநிலங்களில் தனிச் சந்தா எடுக்காவிட்டால் பில் வரும். அமெரிக்காவில் 2022-இல் அமலுக்கு வந்த திடீர் பில் தடைச் சட்டம் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸைக் காக்கிறது, சாலையில் ஓடும் ஆம்புலன்ஸைக் காக்கவில்லை. விசித்திரம்தான், ஆனால் நிலைமை அது.

அறை. ஜப்பானில் தனியறை கேட்டால் அதன் கூடுதல் கட்டணம் காப்பீட்டிலும் வராது, மாத வரம்பிலும் சேராது. சாப்பாட்டுச் செலவும் அப்படியே. சிங்கப்பூர் அரசு ஆஸ்பத்திரிகளில் ஏ, பி1, பி2, சி என்று வார்டு வகை உண்டு. மானியம் பி2, சி வார்டுகளில்தான் கணிசம், அதுவும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும். இந்தியாவில் பாலிசியில் அறை வாடகை வரம்பு இருந்து நீங்கள் அதைவிடப் பெரிய அறை எடுத்தால், வாடகை வித்தியாசம் மட்டும் உங்கள் தலையில் விழாது. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். 5,000 வரம்புக்கு 10,000 ரூபாய் அறை எடுத்தால் அவையெல்லாம் பாதிதான் வரும். மருந்துக்கும் உடலில் பொருத்தும் கருவிகளுக்கும் இந்த வெட்டு பொருந்தாது.

பிரசவம். ஜப்பானில் சுகப்பிரசவம் நோயல்ல என்பதால் காப்பீட்டில் வராது. அதற்குப் பதிலாக 2023 ஏப்ரல் முதல் 5,00,000 யென் மொத்தத் தொகையாகத் தருகிறார்கள். கனடாவில் ஆஸ்பத்திரிக்குள் கொடுக்கும் மருந்து இலவசம், வீட்டுக்கு வந்த பிறகு வாங்கும் மருந்து பெரும்பாலும் உங்கள் செலவு அல்லது கம்பெனிக் காப்பீடு. பல் எந்த நாட்டிலும் தனி உலகம். போகும் முன் பார்த்துவிட்டுப் போங்கள்.

5. காகிதங்கள்

கிளம்பும் முன் சேர்க்க வேண்டியவை:

- பழைய டிஸ்சார்ஜ் சம்மரிகள், ஆபரேஷன் குறிப்புகள், கடைசி ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் படங்கள் பென் டிரைவில்.
- சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், பிராண்ட் பெயரில் அல்லாமல் மருந்தின் மூலப்பெயரில். பிராண்ட் நாட்டுக்கு நாடு மாறும்.
- குழந்தைகளின் தடுப்பூசி அட்டை.
- திருமணச் சான்று, பிறப்புச் சான்றுகள். குடும்பத்தாரைக் காப்பீட்டில் சேர்க்க இவை இல்லாமல் நகராது. ஆங்கிலமல்லாத நாடு என்றால் சான்றளித்த மொழிபெயர்ப்பும் தேவைப்படும்.
- பழைய இன்சூரன்ஸ் தொடர்ந்து இருந்ததற்கான கடிதம்.
- பாலிசியின் முழு வாசகம். விளம்பரக் கையேடு போதாது. விலக்குகள் என்ற பகுதியை முதலில் படியுங்கள்.

கடைசியிலிருந்து இரண்டாவதைப் பலர் வாங்குவதில்லை. காத்திருப்புக் காலத்தைக் குறைக்க அது உதவும். இந்தியாவில் 2024 முதல் ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம். வெளிநாடு போகிறோமே என்று ஊர்ப் பாலிசியை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து புதிதாக எடுத்தால் அந்த 36 மாதம் முதலிலிருந்து ஓடும்.

போய்ச் சேர்ந்ததும் முகவரிப் பதிவு, பிறகு காப்பீட்டு அட்டை, பிறகு குடும்ப டாக்டரிடம் பதிவு. பிரிட்டனில் அந்த மூன்றாவதை உடம்பு சரியில்லாத அன்று செய்ய நினைக்காதீர்கள். ஸ்பெஷலிஸ்ட் பார்க்க குடும்ப டாக்டரின் பரிந்துரை வேண்டும்.

பெற்றோரைச் சில மாதத்துக்கு அமெரிக்காவுக்கு அழைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விசிட்டர் இன்சூரன்ஸில் இரண்டு வகை. நிலையான தொகைத் திட்டம் ஒவ்வொரு சேவைக்கும் இவ்வளவுதான் என்று பட்டியல் போட்டுவிடும். அறைக்கு ஒரு தொகை, ஸ்கேனுக்கு ஒரு தொகை. உண்மையான பில்லுக்கு அது எட்டாது. விரிவான திட்டம் பில்லில் சதவீதமாகக் கொடுக்கும். விலை அதிகம், ஆனால் வாங்கினால் அதையே வாங்குங்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு "திடீரென்று தீவிரமானால் மட்டும்" என்ற வரி இருக்கும். அதற்கு வயது வரம்பும் உண்டு. அந்தப் பத்தியை இரண்டு முறை படிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

6. தேதி குறித்த ஆபரேஷன்: எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள்

வாய்வார்த்தை மதிப்பீடு எந்த நாட்டிலும் செல்லாது. மதிப்பீட்டில் என்னென்ன இருக்கின்றன என்று கேளுங்கள்: சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், உள்ளே வைக்கும் கருவி, ஐசியூ நாட்கள், பயாப்ஸி, அடுத்தடுத்த விசிட்டுகள்.

அமெரிக்காவில் இன்சூரன்ஸ் இல்லாதவருக்கும், இன்சூரன்ஸைப் பயன்படுத்தாமல் சொந்தப் பணம் கட்டுகிறவருக்கும் நல்லெண்ண மதிப்பீடு தர வேண்டும் என்பது சட்டம். கேட்டால் மூன்று வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். பிறகு வரும் பில் மதிப்பீட்டைவிட 400 டாலர் அல்லது அதற்கு மேல் கூடினால், பில் தேதியிலிருந்து 120 நாட்களுக்குள் தகராறு எழுப்பலாம். இன்சூரன்ஸ் இருப்பவர்கள் சிகிச்சையின் குறியீட்டு எண்ணை டாக்டர் அலுவலகத்தில் வாங்கி, இன்சூரன்ஸுக்குப் போன் செய்து, முன் அனுமதி வேண்டுமா, ஆஸ்பத்திரியும் சர்ஜனும் நெட்வொர்க்கில், அதாவது அந்த இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ளவர்களின் பட்டியலில், இருக்கிறார்களா என்று கேளுங்கள். பேசியவர் பெயர், தேதி, அழைப்பின் குறிப்பு எண் மூன்றையும் எழுதிவையுங்கள். பின்னால் இந்த ஒரு தாள் ஆயிரக்கணக்கான டாலரைக் காக்கும்.

ஜப்பானில் முன்கூட்டியே வரம்புச் சான்றிதழ் வாங்கிவிட்டால் டிஸ்சார்ஜ் அன்று வரம்புத் தொகை மட்டும் கட்டினால் போதும். மை நம்பர் என்ற அரசு அடையாள அட்டையைக் காப்பீட்டு அட்டையாகப் பதிந்தவர்களுக்கு அந்தச் சான்றும் தேவையில்லை. இரண்டும் இல்லாவிட்டால் முழு 30 சதவீதத்தையும் கட்டிவிட்டு, மீதி திரும்பி வரக் குறைந்தது மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். விண்ணப்பிக்க இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு.

சிங்கப்பூரில் சுகாதார அமைச்சகமே சிகிச்சைவாரியாக பில் தொகைகளை வெளியிடுகிறது. ஆஸ்பத்திரி சொல்லும் தொகையை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

காத்திருப்பும் ஒரு செலவுதான். இங்கிலாந்தில் பரிந்துரையிலிருந்து 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது இலக்கு. பல வருடங்களாக அந்த இலக்கை எட்டவில்லை. இடுப்பெலும்பு மாற்று மாதிரியான ஆபரேஷனுக்குப் பில் பூஜ்யமாக இருந்தாலும், வலியோடு வேலைக்குப் போக முடியாத மாதங்களின் சம்பளத்தைக் கணக்கில் சேருங்கள். அதற்காகச் சிலர் விமானமேறி வேறு நாட்டில் செய்துகொள்கிறார்கள். அப்படி யோசித்தால் டிக்கெட், துணைக்கு வருபவரின் தங்கல், விடுப்பு, சிக்கலாகி மறுபடி படுக்க நேர்ந்தால் யார் பொறுப்பு என்பது எல்லாவற்றையும் கூட்டிய பிறகு முடிவெடுங்கள். திரும்பி வந்த பிறகு தையல் பிரிக்கவும் எக்ஸ்ரே எடுக்கவும் நீங்கள் வசிக்கும் நாட்டு டாக்டர் ஒப்புக்கொள்வாரா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

7. அவசரம் என்றால் கணக்கை ஓரம் வையுங்கள்

அமெரிக்கா, கனடாவில் 911. பிரிட்டனில் 999. ஐரோப்பிய நாடுகளில் 112. ஜப்பானில் 119. ஆஸ்திரேலியாவில் 000. சிங்கப்பூரில் 995. பிரிட்டனில் உயிருக்கு ஆபத்தில்லாத சந்தேகங்களுக்கு 111 உண்டு.

அமெரிக்காவில் காசு இல்லை என்று அவசரப் பிரிவில் திருப்பி அனுப்ப முடியாது. 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும். பில் பிறகு வரும். மாரடைப்பு அறிகுறியோடு நெட்வொர்க் ஆஸ்பத்திரி தேடி அலைய வேண்டாம், அவசரச் சிகிச்சைக்கு நெட்வொர்க் பார்த்துக் கூடுதல் பில் போடக் கூடாது என்பதும் சட்டம்.

அட்மிட் ஆனதும் குடும்பத்தில் ஒருவர் இன்சூரன்ஸுக்குத் தகவல் சொல்ல வேண்டும். பல பாலிசிகளில் 24 அல்லது 48 மணி நேரக் கெடு இருக்கும். இந்தியாவில் கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு மூன்று மணி நேரத்திலும் கம்பெனி பதில் சொல்ல வேண்டும் என்று 2024-இல் விதி வந்தது. கவுன்டரில் மாலை வரை உட்காரவைத்தால் இந்த விதியை நினைவுபடுத்துங்கள்.

குழந்தை பிறந்தால் அதன் பெயரைக் காப்பீட்டில் சேர்க்கக் கெடு உண்டு. அமெரிக்கக் கம்பெனித் திட்டங்களில் பொதுவாக 30 நாள். தூக்கமில்லாத அந்த மாதத்தில் இது மறந்துபோகும். பிரசவத் தேதிக்கு முன்பே மனிதவளத் துறையிடம் படிவத்தை வாங்கி வைத்துவிடுங்கள்.

8. பில் வந்துவிட்டது, அவசரப்பட்டுக் கட்டாதீர்கள்

இது பெரும்பாலும் அமெரிக்காவுக்கு. ஒரே ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரி, மயக்க மருந்து டாக்டர், லேப் என்று வெவ்வேறு உறைகளில் பில் வரும். அதோடு இன்சூரன்ஸிலிருந்து ஒரு விளக்கத் தாள் வரும். அதன் மேலேயே "இது பில் அல்ல" என்று எழுதியிருக்கும். அந்தத் தாளில் "உங்கள் பொறுப்பு" என்ற தொகையும் ஆஸ்பத்திரி பில்லும் ஒத்துப்போகும் வரை பணம் கட்ட வேண்டாம். ஒத்துப்போகவில்லை என்றால் வரிவாரியான பில் கேளுங்கள். ஒரே பரிசோதனை இரண்டு முறை ஏறியிருக்கலாம், எடுக்காத மருந்து இருக்கலாம். உள்நோயாளியாகப் படுத்தீர்களா, கண்காணிப்பில் மட்டும் இருந்தீர்களா என்பதையும் பாருங்கள். ஒரே கட்டில்தான், ஆனால் பில்லின் கணக்கு மாறும்.

தொகை சரிதான், கட்ட முடியவில்லை என்றால் லாப நோக்கற்ற ஆஸ்பத்திரிகளில் நிதியுதவித் திட்டம் இருந்தே ஆக வேண்டும். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பத்தை ஏற்க வேண்டும். சம்பளச் சீட்டு, வரித் தாக்கல் நகல், வங்கிக் கணக்கு அறிக்கை கேட்பார்கள். நடுத்தர வருமானம் உள்ளவர்களுக்கும் பகுதித் தள்ளுபடி கிடைப்பதுண்டு, வெட்கப்படாமல் கேளுங்கள். அதுவும் இல்லையா, வட்டியில்லாத் தவணை கேளுங்கள். கிரெடிட் கார்டில் மட்டும் தேய்க்காதீர்கள். தேய்த்த நிமிடமே ஆஸ்பத்திரிக் கடன் வட்டிக் கடனாகிவிடும், நிதியுதவி கேட்கும் வாய்ப்பும் சுருங்கும்.

இன்சூரன்ஸ் க்ளெய்மை மறுத்தால் அமெரிக்காவில் 180 நாளுக்குள் உள்முறையீடு. அதிலும் மறுத்தால் நான்கு மாதத்துக்குள் வெளியார் மறுஆய்வு. சிகிச்சை ஏன் அவசியம் என்று டாக்டரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கி இணைத்தால் முறையீட்டுக்கு வலு கூடும்.

9. வேலை மாறும்போது

காப்பீடு வேலையோடு கட்டப்பட்ட நாடுகளில் ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் முன் காப்பீடு எந்தத் தேதியில் முடிகிறது என்று கேளுங்கள். சில கம்பெனிகளில் கடைசி வேலை நாளோடு, சிலவற்றில் மாதக் கடைசியோடு. வேலையை விடும் தேதியை ஒரே நாள் தள்ளிவைத்து அடுத்த மாதம் முதல் தேதியாக்கினால் ஒரு மாதக் காப்பீடு கூடுதலாகக் கிடைக்கலாம்.

அமெரிக்காவில் 20 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள கம்பெனி என்றால் கோப்ரா சட்டப்படி பழைய காப்பீட்டை 18 மாதம் வரை தொடரலாம். முதலாளியின் பங்கையும் நீங்களே கட்ட வேண்டும், மொத்தப் பிரீமியத்தில் 102 சதவீதம் வரை. விலை கண்ணைக் கட்டும். ஆனால் தொடர்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க 60 நாள் அவகாசம் இருக்கிறது, தேர்ந்தெடுத்தால் காப்பீடு பழைய தேதியிலிருந்தே செல்லும். புதிய வேலையில் இரண்டு மாதத்துக்குள் காப்பீடு தொடங்கிவிடும் என்றால், படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். நடுவில் யாருக்காவது கை கால் முறிந்தால் அன்று கையெழுத்துப் போட்டு, விட்டுப்போன மாதங்களின் பிரீமியத்தைச் சேர்த்துக் கட்டினால் போதும். படிவம் தபாலில் பழைய முகவரிக்குப் போகும், எனவே வீடு மாறுகிறீர்கள் என்றால் புது முகவரியைப் பழைய கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மாறுங்கள்.